ஹைட் ஏத்தின பிக்கப்புகளை கம்பெனி உயரத்துக்கே இறக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பைக் சைலன்சரை மாற்றிக்கொண்டு ஊரைக் கூட்டுகிற பையன்களைப் போலீஸ் நிறுத்துகிறது, அபராதம் போடுகிறது, சைலன்சரைக் கழற்றி வாங்கிக்கொள்கிறது என்று உங்கள் மதுரைப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான், வரட்டும். ஆனால் சத்தமே போடாத இன்னொரு மாற்றம் தேனி ரோட்டிலும் நத்தம் ரோட்டிலும் மேலூர் நாலுவழிச் சாலையிலும் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. பிக்கப் வண்டிகளை ஹைட் ஏத்துவதைத்தான் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வந்த உயரத்தை விட இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், சிலர் அதற்கும் மேலே.

இதில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒரு வகை, டபுள் கேபின் பிக்கப் வைத்திருப்பவர்கள். 2016-ல் இசுசு வி-கிராஸ் வந்ததிலிருந்து, 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்த பிறகு இன்னும் கூடுதலாக, இந்த வண்டிகளை நம்ம பக்கம் நிறையப் பார்க்கிறோம். இவர்கள் ஏத்துவது கெத்துக்காக. இன்னொரு வகை, பூ மூட்டையும் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றி வயிற்றைக் கழுவுகிறவர்கள். இவர்கள் பின்பக்க ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை, இரண்டு பட்டை சொருகுவது லோடு தாங்குவதற்காக. முதல் ஆளிடம் கோபப்படலாம், இரண்டாவது ஆளிடம் அப்படிப் பேச எனக்கு மனசு வராது, அவருக்கு வாடகை கொடுப்பவர் டன் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார். ஆனாலும் வண்டியின் உடம்புக்குள் நடப்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நான் செக்கானூரணிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்கிறவன். தோப்புக்கும் மண்டிக்கும் போய்வர ஒரு பழைய டபுள் கேபின் பிக்கப் வாங்கினேன். முந்தைய ஓனர் ஹைட் ஏத்தியிருந்தார். அது தெரிந்துதான் வாங்கினேன், வாங்கியதும் இறக்கிவிட வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் விலையே பேசினேன். இறக்கியும் ஆயிற்று. அந்த வேலையில் கண்ணால் பார்த்ததையும், விவரம் தெரிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் நம்ம பக்கத்துப் பிக்கப்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் லைட். ராத்திரி உசிலம்பட்டி ரோட்டில் டூவீலரில் வந்து பாருங்கள், எதிரே வருகிற பிக்கப் டிம் அடித்த பிறகும் கண் கூசும். டிம் அடித்துத்தான் இருக்கிறார், அவர் மேல் தப்பில்லை, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த டபுள் கேபின் வண்டிகளில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 3.1 மீட்டர். பின்பக்கம் அப்படியே இருக்க, முன்பக்கத்தை மட்டும் ஒரே ஒரு அங்குலம் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 50 மீட்டர் தள்ளி வெளிச்சம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் மேலே போகிறது. ரோட்டில் விழ வேண்டியது எதிரே வருகிறவரின் முகத்தில் விழுகிறது. செல்லம்பட்டிப் பக்கம் ரோட்டோரம் வெளிச்சம் இல்லாத இடங்களில், பூ பறிக்க விடிவதற்கு முன்பே பொம்பளைப் பிள்ளைகள் எக்ஸெல்லில் மூன்று பேராக உட்கார்ந்து போகிற ரோடு அது. அந்த 40 சென்டிமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது பிரேக். இது பலருக்குத் தெரியவே தெரியாது. பல பிக்கப்புகளில் பின் பிரேக்குக்கு என்று சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி பின் ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறினால் பாடி இறங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். வண்டி காலியாக இருந்தால் பாடி மேலே நிற்கும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி இழுத்துக்கொண்டு போகும். அதாவது, பாடிக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்துத்தான் லோடு எவ்வளவு என்று அந்த வால்வு தெரிந்துகொள்கிறது. நீங்கள் பட்டை சொருகியோ, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தோ அந்த இடைவெளியைக் கூட்டிவிட்டால், முழு லோடு இருந்தாலும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், மிச்ச வேலை எல்லாம் முன் பிரேக் தலையில். சிறுமலையிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு இறங்கி வாழைத்தார் கொண்டுவருகிற வண்டியில் இது நடந்தால் முன் பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். லோடு தாங்குவதற்காகச் சொருகின பட்டைதான் லோடு இருக்கும்போது பிரேக்கைப் பறிக்கிறது என்பதை எத்தனை டிரைவர்களிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டேன் என்கிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கம்பியைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

வளைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உயரம் கூடுகிறது, சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் கூடவில்லை, அப்படியென்றால் கவிழ்வதற்கு முன்னைவிடக் குறைந்த வேகமே போதும்.

"நம்ம ஊர் ரோட்டுக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் ஏத்தாம ஓட்ட முடியாதுண்ணே, அடி தட்டும்" என்று சொல்வார்கள். இதற்கு ஒரே பதில்தான். பிக்கப்பில் முதலில் தட்டுவது பின் ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிஃப்ரன்ஷியல் ஹவுசிங். அது ஆக்சிலோடு சேர்ந்தது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் கட்டை வைத்தாலும் சேஸிஸும் பாடியும்தான் உயரும், ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர் போட்டால்தான் உண்டு. பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும், டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால் முள் 80 காட்டும்போது வண்டி 88-ல் போய்க்கொண்டிருக்கும். ஆக, அடி தட்டாமல் இருக்க ஏத்துகிறேன் என்பது பாதிக்குமேல் உண்மை இல்லை. தோப்புக்குள் வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்குகிற எனக்கே கம்பெனி உயரம் தாராளமாகப் போதுகிறது.

முன்பக்கம் நடப்பது இன்னும் மோசம். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலுமே முன்னால் காயில் ஸ்பிரிங், மேலும் கீழும் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஆர்ம். ஷாக் அப்சர்பர் தலைக்கு மேல் ஒரு இரும்பு வளையம், அதாவது ஸ்பேசர், வைத்து ஏற்றுகிறார்கள். கீழ் ஆர்மின் நடுவில் ஷாக் உட்கார்ந்திருப்பதால், ஒரு அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலமாகத் தெரியும். விற்கிறவர் "சின்ன வளையம்தான் சார்" என்று கையில் வைத்துக் காட்டுவார், விளைவு சின்னது இல்லை. ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு சாய்கிறது, ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் முன் ஆக்சில் ஷாஃப்டும் அதிகக் கோணத்தில் மடங்கி ஓடுகிறது. என் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது அந்த ஷாஃப்டின் ரப்பர் பூட், மடிப்புகள் ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் ஒன்றோடொன்று உரசியும், உரசிய இடத்தில் கீறல் விழுந்து, அதன் வழியாகக் கறுப்புக் கிரீஸ் கசிந்து சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கத் தெறித்திருந்தது. அந்தக் கீறல் வழியாக மண் உள்ளே போனால் ஜாயின்டே போய்விடும். பிரேக் ஹோஸ் இரண்டும், சக்கரம் தொங்கும்போது கயிறு மாதிரி விறைத்து நின்றன. ரோட்டில் ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுசாக இறங்கினால் அந்த ஹோஸ்தான் இழுபடும் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

சரி, இறக்குவது எப்படி? ஸ்பேசரைக் கழற்றி வீசினால் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம், நான் முதலில் விசாரித்த ஒரு கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க என்றார்கள். இன்னொரு கடையில் "ஏத்தத்தாண்ணே வருவாங்க, எறக்க யாரும் வர்றதில்ல" என்று வேலையே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஊர்ப்பக்கம் லாரி ஸ்பிரிங் வேலை பார்க்கிற ஒரு வயசான மெக்கானிக்தான் பொறுமையாகச் செய்து கொடுத்தார். போர்டுகூட இல்லாத பட்டறை. அவர் சொன்னதில் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன்.

யூ போல்ட். பின் ஆக்சிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். கட்டை வைத்தபோது நீளமான யூ போல்ட் போட்டிருப்பார்கள். கட்டையை எடுத்ததும் அதையே முறுக்கிக்கொண்டு போனால் மரை போதாமல் நட்டு பாதியில் நின்றுவிடும், இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. பழைய சைஸ் யூ போல்ட் கிடைத்தாலும் புதுசுதான் போட வேண்டும். ஒருதரம் இறுக்கின யூ போல்ட் கொஞ்சம் இழுபட்டிருக்கும், மறுபடி அதே பிடி பிடிக்காது. "யூ போல்ட்ட கழட்டிட்டா அது காயலான் கடைக்குத்தாம்ப்பா" என்றார். புதுசு போட்டு, டார்க் ரெஞ்சில் நாலு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கி, கொஞ்ச நாள் லோடு ஓட்டிய பிறகு வரச்சொல்லி மறுபடி இறுக்கிக் கொடுத்தார்.

அப்புறம் புஷ், அதாவது ஆர்மும் பட்டையும் வண்டியோடு சேருகிற இடத்தில் இருக்கிற ரப்பர். இதைப் பெரிய பெரிய கடைகளிலேயே விட்டுவிடுகிறார்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்மிலும் பட்டைக் கண்ணிலும் இருக்கிற போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிடுவார்கள். அந்த நிலையில் ரப்பர் புஷ் இறுகிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நின்றுகொண்டிருக்கும்போதே முறுக்கு, ஓடும்போது இன்னும் முறுக்கு, சீக்கிரமே கிழிந்துவிடும். உயரமும் சரியாக உட்காராது. என் மெக்கானிக் போல்ட்டுகளைக் கையால் ஓட்டிவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, நாலு மூலையையும் அழுத்தி ஆட்டி உட்கார வைத்த பிறகுதான் குனிந்து போய் ஒவ்வொன்றாக இறுக்கினார். அவர் வயசுக்குக் கஷ்டமான வேலை. லிஃப்ட் வசதி உள்ள கடைகள் இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

காயில் ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து பிரிக்க வேண்டி வந்தால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் கருவி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. இறுகி நிற்கிற ஸ்பிரிங் விடுபட்டு அடித்தால் ஆள் செத்துப்போகலாம். வீட்டு வாசலில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.

ஏத்தும்போது நீளமான ஷாக் போட்டிருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். வண்டி இறங்கிவிட்டது, ஷாக் மட்டும் நீளமாக இருக்கிறது என்றால், பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் வந்து தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளேயே முட்டிக்கொள்ளும், உடையும். பெரிய டயரும் அப்படித்தான், இறக்கின பிறகு ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் மட்காட்டில் உரசும், கம்பெனி சைஸுக்கே போக வேண்டும்.

பிரேக் வால்வுக் கம்பியைத் திருப்பி வைக்க மறப்பதுதான் இறக்கும்போது நடக்கிற மிக ஆபத்தான தப்பு. ஏத்தினபோது யாராவது விவரமானவர் அந்தக் கம்பியை நீட்டியோ வளைத்தோ சரிக்கட்டியிருப்பார். இறக்கின பிறகு அதை அப்படியே விட்டால் கதை தலைகீழாகும், காலி வண்டியை லோடு வண்டி என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் அனுப்பும். மழை பெய்த ரோட்டில் காலி பிக்கப் வாலைச் சுழற்றிக்கொண்டு போவது இப்படித்தான். வால்வைக் கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கே வைக்கச் சொல்லிக் கேளுங்கள், வைத்தாரா என்று காலி வண்டியிலும் லோடு வண்டியிலும் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் டோ, கேம்பர், கேஸ்டர் என்று சக்கரம் நிற்கிற மூன்று கோணங்களுமே மாறும். ஏத்தின வண்டியில் ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலைவது பெரும்பாலும் கேஸ்டர் குறைந்ததால்தான். ஏத்தின உயரத்துக்குச் செய்த பழைய அலைன்மென்ட்டோடு இறங்கின வண்டியை ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். கடைசியாக ஹெட்லைட். ஏத்தினபோது லைட்டைக் கீழே திருகியிருந்தால் இப்போது மூக்குக்கு நேரே மட்டும்தான் வெளிச்சம் விழும், சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தணும்.

உண்மையிலேயே கம்பெனி உயரத்துக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு டேப் போதும். சமமான தரையில், காற்று சரியாக இருக்கும்போது, லோடும் ஆளும் இல்லாமல், சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை நாலு பக்கமும் அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் சைஸ் ஏமாற்றும், மையத்திலிருந்து அளந்தால் ஏமாற்ற முடியாது. கை வைக்காத அதே மாடல் வண்டி ஒன்றை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடமும் வலமும் வித்தியாசமாக இருந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஏத்துகிற கடைகளிடம் ஒன்று கேட்கிறேன். கழற்றுகிற ஒரிஜினல் ஸ்பிரிங், ஷாக், யூ போல்ட் பிளேட் எல்லாவற்றையும் கஸ்டமரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் வண்டியின் பழைய பட்டைகள் எங்கே என்று விசாரித்தபோது எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். நம்ம பக்கம் பட்டை எடைக்குப் போனால் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், திருப்பாச்சேத்தியில் அருவாளாகிவிடும். அந்த வண்டியை யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் புது ஸ்பிரிங் வாங்கணும், அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் இறக்காமல் ஓட்டுகிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் கம்பி கட்டுகிற கிராஷ் கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும், அப்போது நம்ம ஊரில் கார் காராக நிறுத்திக் கழற்ற வைத்ததும் நினைவிருக்கும். ஏத்தின பிக்கப்பும் அதற்குக் குறைந்த ஆபத்து இல்லை, அதன் பம்பர் ஒரு காரின் கதவில் மோதினால் கீழே இருக்கிற பலமான இரும்புச் சட்டத்தில் படாமல் அதற்கு மேலே, உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு உயரத்தில் படும்.

மதுரை ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கு என் கோரிக்கை இது. சரக்கு வண்டிகள் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வந்தே ஆக வேண்டும். வருகிற ஒவ்வொரு பிக்கப்பிலும் மையத்திலிருந்து மட்காட் வரை ஒருமுறை டேப் வையுங்கள், அடியில் குனிந்து பட்டைகளை எண்ணுங்கள், பிரேக் வால்வுக் கம்பியைப் பாருங்கள். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. உடனே அபராதம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, லோடு அடித்துப் பிழைக்கிறவருக்கு ஒரு மாதம் தவணை கொடுத்து, இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இதை இப்போதே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தை பிறந்தால் முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. மாடுகளை எல்லாம் பிக்கப்பில்தான் கொண்டுபோகிறோம். மாடு நின்றுகொண்டுதான் வரும், வளைவில் ஒரு பக்கம் சாயும், மிரண்டால் கால் மாற்றும், பக்கத்தில் பிடித்துக்கொண்டு பையன்கள் நிற்பார்கள். ஏற்கெனவே ஏத்தின வண்டியில் இத்தனை பாரமும் பலகைக்கு மேலே, உயரத்தில். ராத்திரியே கிளம்பி அடையாளம் தெரியாத ஊர் ரோடுகளில் வரிசையாக ஓடுகிற வண்டிகள் அவை. மாட்டுக்கு டாக்டர் பரிசோதனை நடக்கிறது, வீரர்களுக்கும் நடக்கிறது. மாடு ஏற்றிவரும் வண்டிக்கும் மார்கழி முடிவதற்குள் ஒரு பரிசோதனை வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தை உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேங்காய் வியாபாரி, உங்கள் வாசகர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.